உடையவன் கையும் செய்தவன் கையும்

மனிதன் ஆக்கிய பொருள்களுள் சில அவன் உடலோடு ஒட்டியே வாழ்கின்றன. ஊன்றுகோல் அத்தகையது, எழுதுகோல் அத்தகையது. சட்டைப்பைக்குள் அடங்கும் மடக்குக்கத்தியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், பென்சில் சீவவும், கடித உறையைப் பிரிக்கவும் நாளுக்குப் பத்து முறை கை அதைத் தேடுகின்றது. கடையில் வாங்கிய கத்தியானால், தேய்ந்தபின் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்; அதைப் பற்றி அறநூல் எதுவும் பேச வேண்டியதில்லை. ஆனால், கொல்லன் ஒருவன் இன்னாருக்கென்றே இரும்பைக் காய்ச்சி, அடித்து, அராவி, பிடிக்கு மரம் தேர்ந்து, ஆணி இறுக்கிச் செய்து கொடுத்த கத்தியின் நிலை வேறு. அதைப் போன்ற மற்றொன்று உலகில் இல்லை. அதன் ஒவ்வொரு வளைவும் ஒருவன் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு. அதனை உடையவர் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கலாமா, செய்தவன் கொடுத்தபடியே வைத்திருக்க வேண்டுமா என்னும் வினா, பார்வைக்குச் சிறியது. உள்ளே புகுந்தால் எளிதில் வெளியே வர விடாதது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இதனை ஆராயலாம். தந்தை ஒருவர் தம் கைக்கென்று சொல்லிச் செய்வித்த மடக்குக்கத்தி மகனிடம் வந்து சேர்கின்றது. தந்தையின் உள்ளங்கை அகன்றது, மகனுடையது குறுகியது. பிடி பருத்திருக்கின்றது. அலகின் முனையும் மகன் செய்யும் வேலைக்குச் சற்று மழுங்கலாக அமைந்திருக்கின்றது. ஓர் அரத்தை எடுத்து ஒரு மாலைப்பொழுது உழைத்தால் கத்தி அவனுக்கு ஏற்றதாகிவிடும். அவன் அரத்தை எடுக்கலாமா?

'கத்தி அவனுடையது, அவன் எதுவும் செய்யலாம்' என்பது முதலில் எழும் விடை. இவ்விடை சட்டத்தின் முன்னரேகூட முழுமையாக நிற்பதில்லை. படைத்தவன் தன் படைப்பை விற்றுவிட்டாலும், அதனைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை அவனிடம் எஞ்சி நிற்கின்றது என்னும் கொள்கை, பெர்ன் உடன்படிக்கையில் 1928ஆம் ஆண்டு ரோம் நகரத் திருத்தத்தின்போது இடம்பெற்றது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதற்கு இடம் தந்துள்ளது. புதுடில்லியில் விஞ்ஞான் பவன் மண்டபச் சுவரில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த மாபெரும் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை, 1979ஆம் ஆண்டு கட்டடத்தைப் புதுப்பித்தபோது அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. சிற்பத்துக்குப் பணம் கொடுத்தது அரசு. சுவரும் அரசுக்கு உரியது. ஆயினும் 2005ஆம் ஆண்டு டில்லி உயர்நீதிமன்றம் சிற்பியின் பக்கமே தீர்ப்பளித்தது. எஞ்சிய பகுதிகளை அவரிடம் ஒப்படைக்கவும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இத்தீர்ப்பைக் கத்திக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். சுவர்ச்சிற்பம் பார்ப்பதற்காகப் படைக்கப்பட்டது. பார்க்கும் கண் அதனைத் தேய்ப்பதில்லை. கத்தியோ அறுப்பதற்காகப் பிறந்தது. அறுத்தால் மழுங்கும், மழுங்கினால் தீட்ட வேண்டும், தீட்டினால் இரும்பு குறையும். கொல்லன் கொடுத்தபடியே கத்தியை வைத்திருப்பது என்பது, கண்டிப்பாகப் பேசினால், அதனை ஒரு முறைகூடப் பயன்படுத்தாதவருக்கு மட்டுமே இயலும். அப்படி வைத்திருப்பவர் கொல்லனை மதிக்கிறாரா, கொல்லன் செய்த வேலையையே வீணாக்குகிறாரா என்பது கேட்க வேண்டிய கேள்வி. உழைக்கும் கைக்கெனக் கருவி செய்பவன், அக்கையின் தேய்மானத்துக்கு முன்னரே உடன்பட்டுவிட்டான்.

இவ்வுண்மையை ஜொகூர் மாநிலத்துத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விடியற்காலை இருளில் மரத்தடிக்கு நடந்தவர்களின் கையில் இருந்தது ஒரு பால்வெட்டுக் கத்தி. காண்டா வாளியும் மங்கும் தோட்டத்துக்கு உரியவை எனலாம். கத்தி மட்டும் வெட்டுபவருக்கு உரியதாகவே கருதப்பட்டது. முனையில் ஆங்கில 'வி' எழுத்தைப் போல் மடிந்த அலகு, அதற்குப் பின் நீண்ட தண்டு, கைப்பிடி. கடையிலிருந்து வந்தபோது எல்லாக் கத்திகளும் ஒன்று போலவே இருந்தன. சில மாதங்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒருவர் துணி சுற்றினார். ஒருவர் பிடியைச் சீவினார். உயரம் குறைந்தவரின் கத்தி ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தது. அடுத்தவர் கத்தியை எடுத்து வெட்டினால் வெட்டு சரியாக விழாது என்பர் பழைய தோட்டக்காரர். கத்தியைச் செய்து முடித்தவர் கொல்லர் அல்லர், அதைத் தீட்டித் தீட்டித் தம் கைக்குப் பழக்கியவரே என்றுகூட இங்கே சொல்லத் தோன்றும்.

ஆயினும், அம்மாற்றத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையை வகுத்தது கொல்லனுமல்லன், உடையவனுமல்லன், மரம். 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் ஒரே வெட்டுவாயைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவும் முறையை வகுத்தார். அம்முறையில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டு செல்லும். ஒவ்வொரு முறையும் சீவப்படும் பட்டையின் கனம் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர். பட்டைக்கு உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்றுண்டு. கத்தி அதைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். சில ஆண்டுகள் கழித்துப் புதுப்பட்டையில் மீண்டும் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. ஆகவே, வெட்டுபவர் தம் கத்தியை எப்படியும் தீட்டலாம் என்பதில்லை. பிடி அவருடைய வசதி. அலகின் கோணம் மரத்தின் உயிர். இந்தப் பாகுபாட்டை அத்தோட்டத்து மக்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை. மரத்தைக் கெடுத்தவரைத் தண்டல் ஏசுவார் என்னும் அச்சமும், தாம் கெடுத்த மரத்தைத் தாமே மீண்டும் வெட்ட வேண்டும் என்னும் அறிவும் அதைக் கற்றுக் கொடுத்தன.

ஒரு கருவியின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் மாற்றத்துக்கு உரியவை அல்ல என்னும் இக்கருத்துக்கு, மலாய் மக்களின் கிரிஸ் இன்னும் தெளிவான சான்று. கிரிஸ் மடக்குக்கத்தி அன்று, வேலைக்கருவியும் அன்று. எனினும் செய்தவன் கைக்கும் உடையவன் கைக்கும் இடையே உள்ள வழக்கை இவ்வளவு நுட்பமாகத் தீர்த்துவைத்த பொருள் வேறொன்றைக் காண்பது அரிது. கிரிசின் அலகைக் கொல்லன் செய்கிறான். வெவ்வேறு இரும்புகளை மடித்து மடித்து அடித்து அதில் நீரோட்டம் போன்ற கோலத்தை வரவழைக்கிறான். அவ்வலகின் அடியில் மெல்லிய வால் ஒன்று உண்டு. பிடி அந்த வாலில் செருகப்படுகிறதே ஒழியத் தறையப்படுவதில்லை. கழற்ற வேண்டுமானால் கழற்றலாம். பிடியையும் உறையையும் செய்பவன் மரத்தச்சன்; அவன் வேறொரு கைவினைஞன். எனவே, கிரிஸ் தோன்றும்போதே அதில் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன. அலகு நெடுங்காலத்துக்கு உரியது; பிடியும் உறையும் ஒரு மனிதனின் காலத்துக்கு உரியவை.

1722ஆம் ஆண்டு முதல் ஜொகூர்–ரியாவ் அரசில் பூகிசு மக்களின் செல்வாக்கு ஓங்கியது. அவர்களுடைய கிரிஸ் வடிவமும் இத்தீவக்குறைக்குள் பரவியது. ஜாவாவிலிருந்து கடல் கடந்து வந்த அலகுகள் இங்கே உள்ளூர்ப் பிடியும் உள்ளூர் உறையும் பெற்று உள்ளூர் இடுப்பில் ஏறின. பிடிகளுள் ஒன்றுக்கு 'ஜாவா டெமாம்' என்று பெயர். காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன் கையைக் கட்டிக்கொண்டு குறுகி நிற்பது போன்ற வடிவம் அது. பெயர் வைத்தவர் நகைச்சுவை உள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும். தந்தையின் கிரிசை ஏற்ற மகன் பிடியை மாற்றினான் என்றால், தந்தையை அவமதித்தான் என்று எவரும் சொல்லவில்லை. அலகை அராவி அதன் வளைவுகளின் எண்ணிக்கையைக் குறைத்தான் என்றால் அது வேறு கதையாகியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. எலுமிச்சைச் சாற்றாலும் பாடாணத்தாலும் கிரிசின் அலகைக் கழுவிக் கோலத்தை மீண்டும் துலங்கச் செய்வது வழிவழி வந்த சடங்கு. பக்தியோடு செய்யப்படும் அந்தப் பேணுதலே அலகை அரிக்கின்றது. பல தலைமுறை கழுவப்பட்ட அலகின் ஓரங்கள் தேய்ந்து மெலிந்திருப்பதைப் பழைய கிரிசுகளில் காணலாம். எதையும் செய்யாமல் பேணுவது என்பது இரும்பைப் பொறுத்த வரையில் இல்லை. ஒன்று கை தின்னும். அல்லது துரு தின்னும்.

கோயில்களைப் பார்த்தாலும் இதே பாகுபாடு தென்படும். ஜொகூர் பாருவில் 1922ஆம் ஆண்டு எளிய குடிலாகத் தொடங்கிய இராஜகாளியம்மன் ஆலயம், 2009ஆம் ஆண்டளவில் சுவரும் தூணும் கூரையுமாக வண்ணக் கண்ணாடித் துண்டுகள் இழைக்கப்பட்ட கண்ணாடிக் கோயிலாக நின்றது. பழைய குடிலைக் காணோமே என்று அழுத பக்தர் இருந்திருக்கலாம். ஆயினும் வழிபாடு குறையவில்லை. பொதுவாகவே திருப்பணி என்னும் சொல் மாற்றத்தை அஞ்சாத சொல். அதே வேளையில், திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து தெய்வ ஆற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் முறைமை, எதைத் தொடுவதற்கு முன் கை தயங்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகின்றது. தயக்கமே இல்லாத திருப்பணிகளும் உண்டு. கற்றூண்களின் மேல் மணலை வீசிப் பீய்ச்சிச் சுத்தம் செய்யப் போய், பழங்கல்வெட்டுகளின் எழுத்துகளை மழுங்கடித்த செயல்கள் தமிழகத்தில் நிகழ்ந்தன. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதாக நினைத்துச் செய்தது, சோழர் காலத்து ஓர் எழுத்தைப் போக்கிவிட்டது.

எழுத்து என்று சொல்லும்போது, தமிழருக்கே உரிய மடக்குக்கத்தி ஒன்று நினைவுக்கு வர வேண்டும். எழுத்தாணியில் பல வகை உண்டு. பள்ளிச் சிறுவர்க்குக் குண்டெழுத்தாணி. அது குட்டையாய், கொண்டை பருத்து, கூர் குறைந்து இருக்கும். தேர்ந்தவர்க்கு வாரெழுத்தாணி, அதன் ஒரு முனை எழுதும், மறுமுனையில் ஓலையை வாரிச் செம்மை செய்யச் சிறு கத்தி இருக்கும். மூன்றாவது மடக்கெழுத்தாணி. எழுதும் முனையும் கத்தியும் மடங்கி, மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ ஆன ஒரே பிடிக்குள் அடங்கும். ஊர் ஊராகச் சென்ற புலவர்களும் ஏடு எழுதுவோரும் மடியில் வைத்திருந்தது இதுவே. கொல்லன் ஒருவன் ஒரு புலவனுக்காகச் செய்து கொடுத்த சட்டைப்பைக் கத்தி அது. அந்நாளில் சட்டைப்பை இல்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

இன்று ஒருவர் வீட்டில் அத்தகைய மடக்கெழுத்தாணி ஒன்று கிடைக்கின்றது என்று கொள்ளலாம். அதன் கத்தியைத் தீட்டிக் கூராக்கலாமா? பால்வெட்டுக் கத்தியைத் தீட்டலாம் என்ற அதே வாய் இங்கே 'கூடாது' என்று சொல்லும். இரண்டும் கருவிகள்; இரண்டும் தேயப் பிறந்தவை. வேறுபாடு இரும்பில் இல்லை, அதைச் சூழ்ந்திருந்த உலகில் இருக்கின்றது. மடக்கெழுத்தாணியைப் பிடித்து எழுதுவாரும் இல்லை. அதைச் செய்து கொடுத்த கொல்லர் மரபும் இன்று இல்லை. அந்தப் பிடிக்குள் கத்தி எவ்வாறு மடங்கியது, எந்தக் கோணத்தில் தீட்டப்பட்டிருந்தது, ஓலையை எவ்வளவு மென்மையாக வாரும்படி அமைந்திருந்தது என்னும் செய்திகளுக்கு அந்தப் பொருளே ஏடு. அதன் மேல் ஓடும் அரம், வேறு படி இல்லாத ஒரு சுவடியின் மேல் ஓடுகின்ற அரமாகும்.

சுவடியைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் நில்லாது. ஆகவே படியெடுத்தே ஆக வேண்டும். படியெடுத்தவர்களுள் இரு வகையினர் இருந்தனர். பொருள் விளங்காத இடத்திலும் கண்டபடியே எழுதியவர் ஒரு வகை. தமக்குப் பிழையென்று தோன்றியதைத் திருத்தி, செம்மை செய்ததாக மகிழ்ந்தவர் மற்றொரு வகை. பின்னவர் பெரும்பாலும் கல்வி உடையவர், நல்லெண்ணம் உடையவர். பழைய ஏட்டை ஆற்றில் விட்டதும் அந்த நல்லெண்ணமே. 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டு புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பட்ட துன்பத்தில் ஒரு பகுதி இவர்களால் விளைந்தது எனலாம். அவர் பல ஏடுகளை ஒப்பிட்டு, தமக்குச் சிறந்ததாகத் தோன்றிய பாடத்தை மூலத்தில் வைத்து, ஏனைய பாடங்களை ஒதுக்காமல் குறித்துவைத்தார். அவருடைய முடிவு தவறென்று பின்வரும் ஒருவர் கருதினால், திரும்பிச் செல்ல வழி திறந்தே இருக்கின்றது. திருத்திய ஏடெழுதுவோன் அந்த வழியை அடைத்துவிட்டான். இருவரும் மாற்றத்தான் செய்தனர். ஒருவர் மாற்றத்தைப் பதிவு செய்தார். மற்றவர் மாற்றத்தை மறைத்தார்.

கத்திக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது, 'திரும்பிச் செல்ல முடியுமா' என்னும் வினா முதன்மை பெறுகின்றது. பிடியின் இரு பக்கத் தகடுகளைக் கழற்றி வேறு தகடுகள் பொருத்தினால், பழையவற்றை மீண்டும் பொருத்தலாம். பிடியையே அராவிச் சிறுக்கினால் மரம் மீண்டு வராது. அலகைப் பற்றியோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். கத்தியில் கண்ணுக்குத் தெரியும் வேலை பாதி; தெரியாத வேலை பாதி. கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கிறான். அதனால் கடினமும் வருகிறது, உடையும் குணமும் வருகிறது. பின் மீண்டும் மிதமாகச் சூடேற்றி அந்த உடையும் குணத்தைத் தணிக்கிறான். பல எஃகு வகைகளுக்கு இந்த இரண்டாம் சூடு 200 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். மின்சாணையில் அலகை அழுத்திப் பிடித்து முனையின் வடிவத்தை மாற்ற முயல்பவர், சில நொடிகளில் அந்த அளவைத் தாண்டிவிடலாம். இரும்பின் மேல் நீல நிறம் ஓடுவதைக் காணும்போது, கொல்லன் கொடுத்த பதம் போய்விட்டது என்று பொருள். வடிவம் அழகாக வந்திருக்கும். கத்தி கத்தியாக இராது. தன்னால் உணர முடியாத வேலையைத் தன்னையறியாமல் அழிக்கும் இந்நிலை, திருத்தி எழுதிய ஏட்டாளனின் நிலையே ஆகும்.

மாற்றத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்போர்க்கும் ஒரு விடை உண்டு. கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்திராதிவாரி 1737ஆம் ஆண்டு மறைந்தார். அவர் செய்த பிடில்களை உலகம் இன்றும் போற்றுகின்றது. ஆனால், இன்று மேடையில் ஒலிக்கும் அவருடைய பிடில்களுள் ஏறக்குறைய அனைத்தும் பிற்காலத்தவரால் மாற்றப்பட்டவை. அரங்குகள் பெரிதாகி, உரத்த ஒலி தேவைப்பட்டபோது, அவற்றின் கழுத்தை நீட்டிச் சாய்வு கூட்டினர். அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் அவை கண்ணாடிப் பேழைக்குள் ஊமையாகி இருக்கும். அவ்வேலையைச் செய்தவர்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. கழுத்தின் நுனியில் ஆசானே செதுக்கிய சுருளை வெட்டியெடுத்துப் புதிய கழுத்தின் நுனியில் ஒட்டவைத்தார்கள். ஒலிக்கு அச்சுருள் எதுவும் செய்வதில்லை.

ஜப்பானிய வாள்களின் கதையும் இதைப் போன்றதே. குதிரை மேலிருந்து போரிட்ட காலத்து நீண்ட வாள்கள் பிற்காலத்து இடுப்புக்கு ஒவ்வாமல் போயின. அவற்றை அடிப்பக்கத்திலிருந்து வெட்டிக் குறுக்கினர். கொல்லனின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது அந்த அடிப்பக்கத்தில்தான். சிலர் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெயரிழந்த வாள்கள் ஏராளம். வேறு சிலரோ, பெயருள்ள இரும்புத் துண்டைத் தனியே வெட்டியெடுத்துக் குறுக்கிய வாளின் புதிய அடியில் பதித்தனர். அல்லது பெயருள்ள பகுதியைப் பின்னால் மடித்து வைத்தனர். வாளைத் தம் இடுப்புக்கு ஏற்ப வெட்டும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 'இதை வேறொருவன் செய்தான்' என்னும் உண்மையை வெட்டும் உரிமை தமக்கு இல்லை என்று மட்டும் கருதினர். இந்த இரண்டையும் ஒருங்கே செய்ய முடியும் என்று அவ்வாள்கள் காட்டுகின்றன.

மூலத்தை மாற்றாதே என்று குரல் எழுப்புவோரிடத்திலும் எல்லாம் தூய்மையாக இருப்பதாகச் சொல்வதற்கில்லை. பெயர்பெற்ற கொல்லர் செய்த கத்தி, கை படாமல் இருந்தால் அதிக விலை போகும். அந்த விலைக்காகப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, அதைக் கலைமீது கொண்ட மரியாதை என்று அழைப்பவர் உண்டு. அவர் மதிப்பது கொல்லனை அன்று, அடுத்து வாங்குபவரை. இதனினும், நாள்தோறும் மாம்பழம் நறுக்கிக் கத்தியைக் கறைப்படுத்தும் கிழவர் கொல்லனுக்கு நெருங்கியவர். மறுபுறம், வேலைக்குத் தேவை எதுவும் இல்லாமல், பார்ப்பவர் வியக்க வேண்டும் என்பதற்காகவே பிடியில் பித்தளைப் பூவும் அலகில் தன் பெயரும் பொறிப்பவரும் உண்டு. பிறர் செய்ததன் மேல் தம் பெயரைப் பொறிப்பது பழைய பழக்கம். கோயில் மின்விளக்கின் கண்ணாடியில் நன்கொடையாளர் பெயரை எழுதி ஒளியையே மறைக்கும் ஊர்களில் இதைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது நன்று.

இனி, மகனின் கைக்கு வந்த கத்தியைப் பற்றி முடிவு கூறலாம். முதலில் அவன் கேட்க வேண்டியது, செய்தவன் உயிருடன் இருக்கிறானா என்பது. இருந்தால் வழக்கு பாதி தீர்ந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு அவனிடமே போகலாம். தன் கத்தியைத் தானே திருத்தும் கொல்லன் எதையும் சிதைப்பதில்லை. அவன் வேலை தொடர்கின்றது, அவ்வளவே. 'முனையைத் தொடாதே, உனக்கு வேண்டியது வேறு கத்தி' என்று அவன் சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் அதைக் கேட்பதே முறை. ஏனெனில், அந்த அலகால் எது இயலும், எது இயலாது என்பதை அவனன்றி வேறு எவரும் முழுமையாக அறியார்.

அவன் இல்லையென்றால், மகன் அலகைத் தீட்டலாம், தீட்டத்தான் வேண்டும். கல்லில், நீர் விட்டு, கொல்லன் வைத்த கோணத்தையே பின்பற்றித் தீட்டினால் போதும். முனையின் வடிவத்தை மாற்றுவதை அவன் கைவிடுவது நல்லது. அந்த வேலைக்கு இருபது வெள்ளிக் கத்தி ஒன்று போதும். பிடியைப் பொறுத்தவரை, கிரிஸ் காட்டும் வழி திறந்திருக்கின்றது. ஆணியைப் பதமாகக் கழற்றி, தன் கைக்கேற்ற வேறு தகடுகளைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால், கழற்றுமுன் அவன் ஒன்றைப் பார்க்க வேண்டும். தந்தையின் பெருவிரல் இருபது முப்பது ஆண்டுகள் அழுந்தியதால் அந்த மரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தைக் கொல்லன் செய்யவில்லை. கொல்லன் கொடுத்தபடியே இருக்க வேண்டும் என்னும் வாதத்தின்படி பார்த்தால், அதுவும் ஒரு சிதைவே. எனினும், அரத்தை எடுக்கும் மகன் முதலில் அழிக்கப் போவது கொல்லனின் வேலையை அன்று, அந்தப் பள்ளத்தைத்தான். ஆகவே பழைய பிடி அப்படியே கழன்று, அப்படியே இருக்க வேண்டும். இன்னார் செய்தது, இன்னாருக்காகச் செய்தது, இன்ன ஆண்டு பிடி மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்பதற்கு ஐந்து நிமிடங்கூட ஆகாது. உ.வே. சாமிநாதையர் வேற்றுமைப் பாடங்களுக்குச் செய்த மரியாதை அதுவே.

செய்தவன் பெயரும் தெரியாமல், பயன்படுத்தியவர் கதையும் தெரியாமல் கிடைக்கும் கருவிகளே கடினமானவை. ஜொகூரின் பழைய ரப்பர்த் தோட்டங்களுள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயங்களை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் அடுக்களைப் பெட்டிகளிலும் பரண்களிலும் பால்வெட்டுக் கத்தி ஒன்று எங்கேனும் கிடக்கும். அலகு பாதியாய்த் தேய்ந்திருக்கும்; பிடி கருத்து வழவழத்திருக்கும். பாட்டியுடையதா, பாட்டியின் தமக்கையுடையதா என்று வீட்டில் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பேரப்பிள்ளைகள் அதைக் கண்டெடுத்து, துருவை உரசி நீக்கி, பளபளக்கத் தேய்த்து, வார்னிஷ் பூசி, சுவரில் மாட்ட விரும்புவது இயல்பே. அன்பினால் விளையும் ஆசை அது.

ஆனால், அந்தக் கத்தி எப்பக்கம் அதிகம் தேய்ந்திருக்கின்றது என்பதைக் கொண்டே அதைப் பிடித்தவர் எப்படி நின்று வெட்டினார் என்று ஊகிக்கலாம். பிடியின் கறுப்பு, வியர்வையும் ரப்பர்ப் பாலும் சேர்ந்து ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் விட்டுச்சென்ற எழுத்து அந்தத் தேய்மானம் மட்டுமே. இங்கே தீட்டுவதற்கு மரமும் இல்லை, தீட்டுபவரும் இல்லை. பளபளப்பாக்கினால் கடையில் வாங்கிய புதுக்கத்தியின் மங்கலான படி ஒன்று மிஞ்சும். இதற்கு வேண்டியது மிகக் குறைவு. உதிரும் துருவை மட்டும் துணியால் துடைத்து, அலகில் மெல்லிதாக எண்ணெய் தடவி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, முக்கியமாக வடகிழக்குப் பருவமழைக்கு முன், எடுத்துப் பார்த்து மீண்டும் எண்ணெய் தடவ வேண்டும். தென்சீனக் கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடைப்பட்ட அந்த ஈரக்காற்றில், மறந்துவிட்ட இரும்பு நெடுநாள் தாங்குவதில்லை.